சேத்துத்துரையின் ஒன்பதாவது சாடி

இதை எழுதவே வேண்டாம் என்று மூன்று வாரமாகப் பேனாவை மூடி வைத்திருந்தேன். முதல் காரணம், எனக்கு எழுத வராது. மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. இரண்டாவது, எழுதினால் நான் செய்த ஒரு திருட்டுத்தனமும் சேர்ந்து வெளியே வந்துவிடும். ஆனால் நேற்றுப் பட்டப்பகலில், அஸ்தம்பட்டியில் என் அறை வாசல் வழியாக ஏற்காட்டுக்குப் போகும் கரி பஸ் உறுமிக்கொண்டு போனபோது, ஜன்னலில் இருக்கும் கண்ணாடிச் சாடிக்குள் சேறு மெல்லப் புரண்டு படுத்தது. "சரிங்க சாமி, எழுதிப்போடறேன்" என்று சாடிக்குப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

சேத்துத்துரையைப் போல ஒரு மனுஷன் சேலம் ஜில்லாவில் இதுவரை பிறந்ததில்லை. இனிப் பிறந்தாலும் ஊர் தாங்காது. சமுத்திரத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத எங்கள் எருமப்பட்டியில், சமுத்திரத்தின் அடித்தரையை ஒன்பது சாடிகளில் அடைத்து வைத்துக்கொண்டு குடியிருந்தவர் அவர் ஒருவர்தான். நிஜப் பேர் யாருக்கும் ஞாபகமில்லை. தபால்காரர்கூட "ஏனுங்க சேத்துத்துரை" என்றுதான் கூப்பிடுவார். அவருக்குத் தபால் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

நாலு முழ வேட்டி, அதற்கு மேலே கப்பல் கோட்டு. எட்டுப் பித்தளைப் பொத்தான்களில் இரண்டு மிச்சம். சித்திரை வெயிலிலும் அந்தக் கோட்டைக் கழற்ற மாட்டார். கேட்டால், "கீழ ரொம்பக் குளிருஞ் சாமி" என்பார். எங்களுக்குக் கீழே என்றால் கீழத் தெரு. அவருக்குக் கீழே என்றால் கடலுக்கு அடி.

சின்ன வயதில் ஊரை விட்டு ஓடியவர், தந்திக் கம்பி போடும் கப்பலில் பல வருஷம் இருந்துவிட்டுத் தலை நரைத்துத் திரும்பினார். தேசத்துக்குத் தேசம் தந்தி போவதற்காகக் கடலின் அடியில் கம்பி போடுவார்களாம். போடுவதற்கு முன்னால் ஈயக் குண்டில் ஒரு குழாயைச் செருகி, கயிற்றில் கட்டி இறக்குவார்கள். குழாய் அடித்தரையில் குத்தி ஒரு வாய்ச் சேற்றோடு மேலே வரும். கயிற்றை இறக்கி இழுப்பது இவர் வேலை. வந்த சேற்றை வாயில் போட்டுப் பார்ப்பது யாரும் சொல்லாமல் இவராகச் சேர்த்துக்கொண்ட வேலை.

"பாறை மேல கம்பி கெடந்தா தேஞ்சு அறுந்துபோகுஞ் சாமி. களி மேல கெடந்தாத்தான் அசையாமத் தூங்கும். கேப்டன் தொரை கண்ணாடி வெச்சுப் பாப்பாரு. நானு நாக்கை வெச்சுப் பாப்பேன். கடைசீல என்ற நாக்கைத்தான் நம்புனாங்க."

ஊருக்கு வந்தும் நாக்கு சும்மா இருக்கவில்லை. யார் காட்டில் கால் வைத்தாலும் ஒரு சிட்டிகை மண் வாய்க்குப் போகும். "முன்னம்பல்லுல நறநறன்னா மணலு. பல்லுக்கு லேசா உறுத்தி, நாக்குக்கு மாவாட்டம் இருந்தா வண்டலு. பல்லுக்கே தெரியாது, நாக்குல வெச்சதும் அட்டையாட்டம் புடிச்சுக்கும் பாரு, அதாங் களி. ராசா மண்ணு."

"தொட்டுக்க ஏதாச்சும் வேணுங்களா?" என்பேன் நான்.

"வாலு, உனக்குக் கம்மஞ்சோறே செரிக்காது. பேசாம இரு."

வாலு என்பது அவர் எனக்கு வைத்த பேர். காரணம் சொல்லத் தேவையில்லை.

அந்த நாக்கால் ஒரு கல்யாணமே நின்றது. என் சேக்காளி பழனியின் அய்யன் பெரிய விவசாயி. ஊரே அவரைப் பண்ணாடி என்றுதான் கூப்பிடும். பழனியின் அக்காவைப் பெண் பார்க்கத் தம்மம்பட்டியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரை வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா வாய் ஓயாமல், "அங்க நமக்கு இருக்கறது அத்தனையும் செம்மண் தோட்டமுங்க" என்று அளந்துகொண்டிருந்தார். வழியோடு போன சேத்துத்துரை வண்டிச் சக்கரத்தைச் சுரண்டி வாயில் போட்டார். கண்ணை மூடினார். திறந்தார்.

"ஏனுங்க ஒறம்பரை, சக்கரம் அப்படிச் சொல்லலீங்களே? அடுக்கடுக்கா அஞ்சாறு மாசத்து ஏரிக் களியால்ல இருக்குது. செம்மண்ணு பேருக்குக்கூடக் காணம்."

சம்மந்தம் அன்றே கலைந்தது. செம்மண் தோட்டம் எப்போதோ கைமாறிப் போய், யாருடைய ஏரிக் காட்டையோ அவர்கள் உழுதுகொண்டிருந்தது பிறகு தெரிந்தது. தப்பாகச் சொல்லியிருந்தால் பண்ணாடி மன்னித்திருப்பார். சரியாகச் சொன்னதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அதோடு விட்டாரா? பண்ணாடி வீட்டு மேற்குச் சுவரில் ஒரு விரிசல். சித்திரையில் அதற்குள் என் விரல் போகும். ஐப்பசி மழையில் தலைமயிர் போகாது. சேத்துத்துரை அதில் பென்சிலால் கோடு போட்டு மாதா மாதம் பார்த்துவிட்டு, பண்ணாடி சம்சாரத்திடம் போய் வைத்தியர் மாதிரிச் சொன்னார்: "ஒண்ணும் பயமில்லீங்க. அடியில இருக்கற கருங்களி தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சாச் சுருங்கும். உங்க ஊடு மூச்சு உடுதுங்க, அவ்வளவுதான்."

அந்த அம்மாள் அன்றிலிருந்து மேற்கு அறையில் படுக்கவே இல்லை.

அவர் குடியிருந்தது ஊருக்கு வெளியே, தூர்ந்துபோன பழைய ஏரிக்கரை ஓரம், ஒற்றை அறை. ஜன்னல் பலகையில் ஒன்பது சாடிகள். ஒன்றில் சாம்பல் நிறம், ஒன்றில் பாசிப் பச்சை, ஒன்றில் நீலம் ஓடிய கறுப்பு, ஒன்றில் காய்ந்த ரத்தம் மாதிரி. அந்த ரத்த நிறத்தைத் தொட்டுக் காட்டி ஒருநாள் சொன்னார்: "இது கெடந்த எடத்துல வெளிச்சமே இல்லை சாமி. ஒரு நகக்கண்ணு ஒசரம் சேர எத்தனையோ தலைமொறை ஆகும். நாம பேசிக்கிட்டிருக்கோமே, இப்பவும் அங்க உழுந்துகிட்டிருக்குது."

"என்னதுங்க?"

"மண்ணுதான். மேலயிருந்து, பொடிப்பொடியா, சத்தமில்லாம. பூட்டிப் போட்ட ஊட்டுல தூசி உழுகறாப்பல. ராவும் பவலும்."

நான் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது சாடிக்குப் பேர் தூங்குமூஞ்சி. மூடியை எடுத்துச் சாடியைக் கவிழ்ப்பார். சேறு விழாது; வெண்ணெய் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். நிமிர்த்தி நாலு குலுக்குக் குலுக்கினால் மோராகத் தளதளக்கும். பலகையில் வைத்து நூறு எண்ணிவிட்டு மறுபடி கவிழ்த்தால், விழாது. "செத்துக் கெடக்குதுன்னு நெனச்சுப்போடாத வாலு. தூங்குது. தட்டுனா எந்திரிக்கும். உட்டா மறுக்காத் தூங்கும்." அன்றைக்கு வீட்டில் தயிர்ச் சட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் ஊற்றினேன்.

இதையெல்லாம்விட உச்சிப்பொழுதுதான் மோசம். தினம், நிழல் காலடிக்குள் போகும் நேரத்தில், ஒவ்வொரு சாடியின் மூடியிலும் காதை வைத்துக் கேட்பார். முதல் சாடியில் ஆரம்பித்து ஒன்பதாவது வரைக்கும். அந்த நேரத்தில் ஏரிக்கரையில் ஒரு காக்காய்கூடக் கத்தாது. ஒருநாள் நானும் காதை வைத்துப் பார்த்தேன்.

"ஒண்ணுமே கேக்கலீங்களே?"

"அதாஞ் சாமி. அதைத்தான் கேக்கறேன்."

உப்பு வித்தையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் மழைத் தண்ணீர் டீ நிறத்தில்தான் இருக்கும். பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையைத் தேய்த்தால்தான் தெளியும். அவர் இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் கலங்கல் தண்ணீர் எடுத்து, ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை உப்புப் போடுவார். கொஞ்ச நேரத்தில் உப்புப் போட்டதில் புகை புகையாகத் திரண்டு சேறு கீழே இறங்கும். மற்றது சாயங்காலம் வரை கலங்கியே நிற்கும். "நல்ல தண்ணியில அதுக ஒண்ணுக்கொண்ணு மூஞ்சி குடுக்காதுங்க. உப்புப் பட்டாக் கைகோத்துக்கும். ஆத்துல போற மண்ணு சமுத்திரத்துல போய் உக்காருதே, எதுனாலங்கறே? உப்புனாலதான்."

இனி ஒன்பதாவது சாடி. மற்ற எட்டையும் யாரும் தொடலாம். இதைத் தொட்டால் கையில் அடி விழும். வாரத்துக்கு ஒருதரம் உப்புத் தண்ணீர் விட்டு ஈரம் காயாமல் வைத்திருப்பார். அதன் கதையை ஒரே ஒருதடவைதான் என்னிடம் சொன்னார்.

காவேரித் தண்ணீர் கடலில் கலந்து வெகுதூரம் போகும் பக்கம் ஒருநாள் குழாயை இறக்கியிருக்கிறார்கள். மேலே வந்த சேற்றை வழக்கம்போல வாயில் போட்டிருக்கிறார்.

"என்ற ஊட்டுச் சொவரு, சாமி. சின்னதுல சொவத்து மண்ணைப் பேத்துத் தின்னு எங்கம்மாகிட்டத் தெனம் அடி வாங்குனவன் நானு. அதே ருசி. உப்புக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருந்துது. கயித்தைக் கீழ போட்டேன். அடுத்த தொறையில எறங்கி வந்துட்டேன்."

"வந்துங்க?"

"அம்மாளும் இல்லை. சொவரும் இல்லை. ஒரு மழைக்குக் கரைஞ்சு, ஓடையில போயி, ஆத்துல போயி, எனக்கு முந்தியே கீழ போயிருந்துது." சாடியைத் தொட்டார். "இதுல இருக்குது பாரு, இத்தனைதான் மிச்சம்."

வாலு என்று பேர் எடுத்தவன் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியுமா? ஊர் முழுக்கச் சொன்னேன். ஊர் அதை வேறுமாதிரிப் புரிந்துகொண்டது. எங்கள் பக்கத்தில் யார் செத்தாலும் அஸ்தியை மோகனூரில் காவேரியில் கரைப்பது வழக்கம். ஆற்றில் போன சுவர் அந்தச் சாடியில் இருக்கிறது என்றால், ஆற்றில் போன மற்றவர்கள்? அமாவாசையன்று சேத்துத்துரை ஜன்னலடியில் நாலு இலைச் சோறு இருந்தது. ஒரு கிழவர் சாடியைப் பார்த்துக் கும்பிட்டு, "அய்யா, நல்லா இருக்கறீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். சேத்துத்துரை தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் நாலு இலையையும் மிச்சம் வைக்கவில்லை.

பண்ணாடிதான் கடைசி வார்த்தை சொன்னார். "கரைச்சதைத் திருப்பிக் கொண்டாந்தவன் அவன். நல்ல காரியம் நடக்கற எடத்துல அவன் காலு படப்படாது."

அந்த வருஷம் மழை பொய்த்தது. கொல்லிமலை மேல் நிற்கும் மேகம் மலையை விட்டு இறங்கவே இல்லை. பண்ணாடி பழைய ஏரிக்குள் இருந்த தன் காட்டில் கிணறு வெட்ட ஆரம்பித்தார். களிமண் என்பதால் மம்மட்டி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. பழனியைச் சேர்த்து ஏழு பேர் தினம் உள்ளே போனார்கள். பழனிக்குக் கையில் பலம் அதிகம். மூளைக்கு அதனால் எப்போதும் ஓய்வு.

வேலிக்கு வெளியே நின்று சேத்துத்துரை மூன்று நாள் கெஞ்சினார். "பண்ணாடி, ஒரு வாய் மண்ணு மட்டுங் குடுங்க. ருசி பாத்துச் சொல்லிப்போடறேன். ஏரி மண்ணு எல்லாம் ஒரே மாதிரி இருக்காதுங்க. உள்ள புள்ளைங்க எறங்குதுங்க."

"என்ற சம்மந்தத்தைத் தின்ன நாக்கு என்ற கெணத்தையும் திங்கோணுமா? போய்யா அக்கட்டால!"

மூன்றாம் நாள் என்னிடம் கேட்டார். "வாலு, உன்ற சேக்காளிதானே உள்ள? நீயாச்சும் ஒரு கை அள்ளிக்கிட்டு வா சாமி." ஆகட்டுங்க என்றேன். அள்ளியும் வந்தேன். அவர் கேட்டபடி கொடுத்திருந்தால் நான் எப்படி வாலு?

கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்தபோது, அடியில் இடுப்பு உயரத்துக்குச் சுற்றிலும் ஒரு பட்டை ஓடியது. நீலச் சாம்பல் நிறம், தொட்டால் ஜில்லென்று வழுக்கியது. ஒரு சட்டி நிறைய அதை வழித்துக்கொண்டேன். மறுநாள் காலை சேத்துத்துரை ஓடைப் பக்கம் போன நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, ஒன்பதாவது சாடிச் சேற்றைக் கொல்லைப்புற வேலியோரம் கொட்டிவிட்டு, கிணற்றுக் களியை அதில் அடைத்து, தக்கையை மாட்டி வைத்தேன். சமுத்திரத்துக்கு அடியில் சொந்த வீட்டுச் சுவரைக் கண்டுபிடித்த நாக்கு, நாலு எட்டில் இருக்கும் கிணற்று மண்ணையும் அம்மா ஊட்டு மண் என்று சொல்லட்டும். ஊரைக் கூட்டிச் சிரிக்கலாம். திட்டம் அவ்வளவுதான்.

உச்சிப்பொழுதுக்கு ஜன்னலுக்கு வெளியே குத்தவைத்துக்கொண்டேன்.

எட்டுச் சாடியைக் கேட்டு முடித்தார். ஒன்பதாவதில் காதை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். தக்கையைத் திறந்து, விரலால் தொட்டு, நாக்கில் வைத்தார்.

"உப்பில்லை" என்றார், யாரிடமோ சொல்வது மாதிரி.

சாடியைக் கவிழ்த்தார். விழவில்லை. நிமிர்த்திக் குலுக்கினார். உள்ளே மோராகத் தளதளத்தது. பிறகு, தலையைத் திருப்பாமலே, "வாலு. உள்ள வா" என்றார்.

போனேன்.

"இது எந்த மண்ணு?"

"அது... எப்பவும் இருக்கறதுதானுங்க."

"பொய்யை அப்பறஞ் சொல்லிக்கலாஞ் சாமி. எங்க எடுத்தே?"

"பழனி ஊட்டுக் கெணத்துலீங்க."

"எத்தனை ஒசரம் இருக்குது?"

"அடியில, இடுப்பு மட்டும், சுத்தியுமுங்க."

"உள்ள ஆளு இருக்குதா?"

நான் பதில் சொல்வதற்குள் கிணற்றுப் பக்கமிருந்து மேளம் கேட்டது. ஊற்றுக் கண் திறந்துவிட்டது என்று அர்த்தம். ஊற்றுத் திறந்த நாளில் கிணற்று விளிம்பிலேயே பொங்கல் வைத்து, பெரிய மேளம் அடித்து, உழவு மாடுகளைக் கிணற்றைச் சுற்றி மூன்று சுற்று ஓட்டுவது பண்ணாடி வீட்டு வழக்கம். அவருடைய அய்யன் ஓட்டினார், அய்யனைப் பெற்ற அப்பாரு ஓட்டினார். அவர்கள் ஓட்டியதெல்லாம் பாறைக் கிணறு.

சேத்துத்துரை சாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். அந்தக் கோட்டோடு, அந்த வயதில், அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பின்னால் நான். வெயிலில் காடு முழுக்க வெறிச்சென்று கிடந்தது. மேளச் சத்தம் மட்டும் காலுக்கு அடியில் வந்து வந்து போனது. காதில் கேட்டதைவிடப் பாதத்தில்தான் அதிகம் கேட்டது.

விளிம்பில் ஐம்பது பேர் இருந்தார்கள். பொங்கல் பானை கொதித்துக்கொண்டிருந்தது, மாடுகளுக்கு மாலை போட்டிருந்தார்கள். கீழே ஏழு பேரும் கணுக்கால் தண்ணீரில் நின்று ஒருவர்மேல் ஒருவர் வாரி இறைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பழனி தன் தலைத்துண்டைக் கழற்றிக் கடப்பாரை நுனியில் கொடி மாதிரிக் கட்டியிருந்தான்.

"அவனை உள்ள உடாதீங்கடா!" என்று பண்ணாடி கத்தினார்.

"ஸ்டாப்! ஸ்டாப்! அல்லாரையும் மேல ஏத்துங்க!" என்று கப்பல் குரலில் சேத்துத்துரை கத்தினார்.

கூட்டம் சிரித்தது. இரண்டு பேர் கோட்டைப் பிடித்து இழுத்தார்கள். மிச்சமிருந்த பொத்தான்களில் ஒன்று தெறித்தது. அவர் திமிறிக்கொண்டு போய், அடித்துக்கொண்டிருந்த மேளத்துக்கு மேலே சாடியைக் கவிழ்த்துப் பிடித்தார். ஓடி வந்த குலுக்கலில் இளகியிருந்த சேறு அதற்குள் இறுகியிருந்தது போல. விழவில்லை. மேளக்காரர் அடிப்பதை நிறுத்தவில்லை. ஓர் அடி. இரண்டு. மூன்று. சேற்றின் முகம் வேர்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மனுஷன் நெற்றி மாதிரி பளபளவென்று வேர்த்தது. ஐந்தாவது அடிக்கு ஒரு சொட்டு. ஆறாவது அடிக்கு மொத்தச் சேறும் ஒரே மூச்சில் வழுக்கி மேளத்தின் தோலில் இறங்கியது. அடுத்த அடி 'தொப்' என்றது. அதோடு மேளம் செத்தது.

அந்த அமைதி இருக்கிறதே, அதுதான் அவர் சாடிகளில் தினம் கேட்ட அமைதி என்று எனக்கு அப்போது பட்டது.

கீழேயிருந்து பழனி குரல் வந்தது: "ஏன் மோளம் நின்னு போச்சு? பொங்கல் ஆயிருச்சா?"

பண்ணாடி மேளத்தின் மேல் பரவியிருந்த சேற்றைத் தொட்டுப் பார்த்தார். "இது ஏது?"

"உங்க கெணத்துச் சொவருங்க," என்றேன் நான். "நேத்து நாந்தான் வழிச்சேன். இடுப்பு ஒசரத்துக்குச் சுத்தி இருக்குதுங்க."

அவர் முகத்தில் அத்தனை வருஷ வீம்பும் ஒரு கணம் நின்றது. பிறகு விளிம்பில் குனிந்து, சத்தமே வராத குரலில், "பழனி. மேல வா கண்ணு. அல்லாரும் வாங்க" என்றார்.

ஏழு பேரும் ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசிப் படியில் பழனி, "அய்யா, கடப்பாரை..." என்று திரும்பினான். "கெடந்து தொலையுது, ஏறுடா!" என்று ஐம்பது பேரும் கத்தினோம்.

ஏறிவிட்டான். எல்லாரும் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒன்றும் நடக்கவில்லை.

பொங்கல் பானை பொங்கி வழிந்து அடங்கியது. யாரோ இருமினார்கள். யாரோ சிரித்தார்கள். பண்ணாடிக்கு நிறம் திரும்பியது. "என்னய்யா, உம்ம மண்ணு இன்னும் எந்திரிக்கலையா? காப்பி வேணுமாமா?" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன், எழுதும்போது இப்போது வெட்கமாக இருக்கிறது. "மாட்டை ஓட்டுங்கடா. என்ற குல வழக்கம் பெருசா, இவன் நாக்குப் பெருசான்னு பாத்துப்போடலாம்."

மாடுகள் ஒரு சுற்று வந்தன. இரண்டாவது சுற்றில் பாதியில் நின்றன. காதை முன்னுக்கு நீட்டிக் கிணற்றையே பார்த்தன. சாட்டையால் அடித்தும் நகரவில்லை. பிறகு தாமாகவே வெளிப்பக்கம் திரும்பி வேலியைப் பார்த்து நடந்துவிட்டன.

எட்டிப் பார்த்தோம். இடுப்பு உயரப் பட்டை வேர்த்திருந்தது. சுற்றிலும், ஒரே மாதிரி, பளபளவென்று.

அப்புறம் அது வந்தது. எருமப்பட்டியில் நான் பார்த்த அத்தனை பெரிய விஷயமும் சத்தத்தோடுதான் நடந்திருக்கிறது. இதற்குச் சத்தம் இல்லை. தயிர்ச் சட்டியைச் சாய்த்தால் ஏடு நகர்ந்து வருமே, அப்படி நாலு பக்கமும் நகர்ந்து வந்தது. அது விட்ட இடத்தில் மேல்சுவர் அலுங்காமல் உட்கார்ந்தது. கடப்பாரை மெல்லச் சாய்ந்து, யாரோ பிடித்து நிமிர்த்தியது போல மறுபடி நேராக நின்று, கீழே போய்க்கொண்டே இருந்தது. பழனியின் தலைத்துண்டு மட்டும் ஒரு சாண் வெளியே தெரியும்போது நின்றது.

சேத்துத்துரை உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். "...தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொம்போது, நூறு." ஒரு கல்லை எடுத்து உள்ளே போட்டார். சேற்றின் மேல் 'டப்' என்று உட்கார்ந்தது. அமிழவே இல்லை.

"தூங்கீருச்சு," என்றார்.

பழனி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தன் கால் இரண்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பண்ணாடி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பொங்கலில் முதல் இலையைச் சேத்துத்துரைக்குத் தன் கையாலேயே போட்டார். அவர் ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, திறந்தார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

"உப்புக் கொறைச்சலுங்க," என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஏரிக்கரையில் நின்றார். "ஏஞ் சாமி, என்ற ஊட்டு மண்ணு எங்க?"

பொய் சொல்வது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. "பத்திரமா வெச்சிருக்கறனுங்க. இந்தா, ஒரு நாழியில கொண்டாந்து தாரேன்" என்றேன். அவர் வெறும் சாடியை என் கையில் கொடுத்தார்.

பின்பக்கமாகச் சுற்றி வேலியோரம் ஓடினேன். வெயில் அதைக் காயவைத்திருந்தது; கோழிகள் கிளறியிருந்தன; மிச்சத்தைக் காற்று எடுத்துக்கொண்டிருந்தது. கையால் துழாவினேன். ஒரு விரல்நுனி அளவுகூடத் தனியாகப் பிரித்து எடுக்க முடியவில்லை. கடலுக்கு அடியில் எத்தனை காலமோ கிடந்து, கப்பலேறி ஊருக்கு வந்த மண்ணை, ஒரு காலைப்பொழுதில் கோழிக்குப் போட்டுவிட்டேன்.

ஏரிக்குள் போய் இருப்பதிலேயே வழுவழுப்பான களியாகப் பார்த்துத் தோண்டினேன். துணியில் போட்டு வடிகட்டிப் பிசைந்தேன். உப்பு வேண்டுமே? எங்கள் வீட்டில் அம்மா கண் எப்போதும் என்மேல்தான். பழனி வீட்டில் எல்லாரும் கிணற்றடியில் இருந்தார்கள். சமையலறையில் நுழைந்து உப்புச் சட்டியிலிருந்து இரண்டு கை அள்ளிப் போட்டுக் கலக்கி, சாடியில் அடைத்துக்கொண்டு போனேன்.

அவர் தக்கையைத் திறந்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். நான் எனக்குள்ளே எண்ண ஆரம்பித்தேன். நாற்பது வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது. கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். என் கைகளைப் பார்த்தார். நகத்துக்குள் களி இருந்தது.

"உப்புக் கொஞ்சம் எச்சாப் போச்சு சாமி," என்றார். "ஆனா இதேதான்."

சாடியை ஒன்பதாவது இடத்தில் வைத்துக் காதை வைத்துக் கேட்டார். அன்றிலிருந்து உச்சிப்பொழுதில் அதைத்தான் முதலில் கேட்பார். மற்ற எட்டும் பிறகுதான்.

போன தை மாதம் அவர் காலமானார். அதற்குச் சில நாள் முன்னால், எட்டுச் சாடிகளையும் ஓடையில் கொட்டிவிடச் சொன்னார். "போற வழி அதுகளுக்குத் தெரியும்." ஒன்பதாவதை மட்டும் என் மடியில் வைத்து, "வாரத்துக்கு ஒருக்கா உப்புத் தண்ணி ஊத்து வாலு. பாத்து ஊத்து" என்றார். மோகனூரில் பழனியும் நானும்தான் அவரைக் கரைத்தோம். தண்ணீர் சாம்பல் நிறமாகக் கொஞ்ச தூரம் போய்ப் பிறகு தெரியவில்லை. நேராகக் கீழேதான் போய்க்கொண்டிருப்பார்.

இப்போது பிழைப்புக்காக அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். தினம் உச்சிப்பொழுதுக்கு அறைக்கு வந்து சாடியில் காதை வைக்கிறேன். ஒன்றும் கேட்பதில்லை. அதைத்தான் கேட்கிறேன்.

சாடிக்குள் இருப்பது ஏரிக் களி என்பதை இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. போன வாரம் பழனிக்கு ஒரு கார்டு போட்டு, திருட்டு உப்பு உட்பட எல்லாவற்றையும் எழுதி, 'அவருக்கு அது தெரிந்திருக்குமாடா?' என்று கேட்டிருந்தேன். இன்று பதில் வந்தது, ஒரே வரி:

"தெரியாம என்னடா, அது எங்க ஊட்டு உப்புன்னுகூட அன்னைக்குப் பொழுதோடயே எங்கிட்டச் சொல்லிச் சிரிச்சாரு."